சுண்ணாம்புக்குக் கட்டம் இல்லை

கல்முனைப் பக்கத்தில் நோன்புப் பெருநாள் நெருங்கிவிட்டதை அறியப் பிறை பார்க்க வேண்டியதில்லை. நோன்பு பாதி கழியும்போதே வீட்டு முற்றங்களில் அரைப் பீப்பாய்களில் சுண்ணாம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டதும் உறுமிக்கொண்டு பொங்கும். அதில் கொஞ்சம் நீலம் கலந்து, தென்னந்தும்புக் கட்டால் தோய்த்துத் தோய்த்துப் பூசுவார்கள். இருபத்தேழாம் நோன்புக்குள் தெருவே வெளுத்துவிடும். மற்றவர்களுக்கு அது பெருநாள் மணம். எனக்கு அந்த மணம் வந்தாலே எரிச்சல் வரும். முதலில் அரசாங்கத்தின் மீது வரும், கொஞ்ச நேரத்தில் என் மீது திரும்பும், அதன் பிறகு அன்று முழுக்க யாரோடும் கதைக்கப் பிடிக்காது.

தொண்ணூறுகளில் நான் அரசாங்கத்தின் மலேரியா ஒழிப்புப் பகுதியில் வேலை செய்தேன். வீடு வீடாகப் போய்ச் சுவர்களுக்கு மருந்தடிக்கும் குழு ஒன்றுக்கு மேற்பார்வையாளன். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஒரு சைக்கிள், ஒரு படிவக் கட்டு, காதில் ஒரு பேனை. என் குழுவில் மூத்தவர் காரைதீவைச் சேர்ந்த ஒரு தமிழர். வெள்ளாமைக் காலத்தில் வயல், மற்றக் காலத்தில் எங்களோடு மருந்துப் பம்பு என்று இரண்டு வாழ்க்கை வாழ்ந்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஊர்கள் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்த அந்தக் காலத்திலும் எந்த வீட்டுக்குள்ளும் எங்கள் குழு போய்வர முடிந்தது. நுளம்பு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எப்போது அடிப்பது, எங்கே அடிப்பது என்று நாங்கள் முடிவெடுப்பதில்லை. அதெல்லாம் மாகாணத்து மேலிடத்திலிருந்து சுற்றறிக்கையாக வரும். மாரி மழை நின்று வயல்களில் தண்ணீர் தேங்கும் தை, மாசியில்தான் காய்ச்சல் ஏறும். ஆகவே கார்த்திகையும் மார்கழியும் மருந்தடிப்பு. நாங்கள் அடிக்கும் மலத்தியன் மருந்து சுவரில் மூன்று மாதம் நிற்கும், அதற்குள் காய்ச்சல் காலம் கழிந்துவிடும். கணக்குச் சரிதான். கடதாசியில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அந்த வருடங்களில் பெருநாள் வந்து விழுந்தது மாசியில். நாங்கள் மார்கழியில் அடித்த மருந்தின் மேல் சனங்கள் தை கடைசியில் சுண்ணாம்பைப் பூசினார்கள். மருந்து சுவரின் மேல்தோலில் இருந்தால்தான் அதில் வந்து குந்தும் நுளம்பு சாகும். ஒரு பூச்சுச் சுண்ணாம்பு போதும், மருந்து உள்ளே போய்விடும். போதாததற்குச் சுண்ணாம்பின் காரமே மருந்தைக் கெடுத்தும்விடும். சனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மலத்தியன் நாறும். சுவரெல்லாம் மங்கிய வெள்ளைத் திட்டுத் திட்டாகப் படியும். கோழி சாகும், பூனை சாகும். அந்தச் சுவரோடு பெருநாள் கொண்டாடு என்றால் யார்தான் கேட்பார்கள்?

"எங்கட ஆக்கள் தைப்பொங்கலுக்குப் பூசிற, உங்கட ஆக்கள் பெருநாளுக்குப் பூசிற" என்பார் அண்ணன். "நாம அடிக்கிறது சுண்ணாம்புக்கு அடித்தளம் தம்பி. இதுக்குச் சம்பளமும் தாறாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒரு நாள் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். எங்கள் படிவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு கட்டங்கள் இருந்தன. முழுவதும் அடித்தது, பாதி அடித்தது, பூட்டிக் கிடந்தது, மறுத்தது. அவ்வளவுதான். மருந்தடித்த பிறகு சுவருக்கு என்ன நடந்தது என்று கேட்கும் கட்டம் இல்லை. நான் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே, சின்ன எழுத்தில் எழுதினேன்: இத்தெருவில் எல்லா வீடுகளுக்கும் பெருநாளுக்காகத் தை கடைசியில் சுண்ணாம்பு பூசுவார்கள், மருந்தடிக்கும் காலத்தைப் பெருநாளுக்குப் பிறகு வைத்தால் நல்லது.

இரண்டு மாதத்தில் படிவம் திரும்பி வந்தது. நான் எழுதியதன் மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பக்கத்தில் 'அநாவசியக் குறிப்பு' என்று இரண்டு சொல். எங்கள் பொறுப்பதிகாரி கெட்ட மனிதர் இல்லை, அதை என்னிடம் நீட்டும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"கட்டத்துக்குள்ள எழுதுங்க தம்பி. வெளிய எழுதினா வாசிக்க அங்க ஆளில்ல. நம்மட பகுதி முழுவதும் அடிச்ச பகுதி எண்டு நல்ல பேர் எடுத்திரிக்கி. அதக் கெடுக்காதீங்க."

அதன் பிறகு நான் கட்டத்துக்குள் மட்டும் எழுதினேன். நானும் சம்பளக்காரன்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். வீடு பெண்ணுடைய சீதனம். என் மனைவியின் வீடு ஊரின் மேற்கு விளிம்பில், நற்பிட்டிமுனைப் பக்க வயல்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது. என் மாமியார் இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். நெல் அவித்து, குத்தி, அரிசி விற்று, அந்த வீட்டைக் கல் கல்லாக மகளுக்காகக் கட்டியவர். அந்த வீட்டில் ஒரு சுவரைத் தட்டினால்கூட அது எந்த வருட வெள்ளாமையில் எழுந்தது என்று சொல்வார். பெருநாளுக்கு அந்தத் தெருவிலேயே வெள்ளையான வீடு அவருடையதுதான் என்று பேர் இருந்தது.

மருமகனும் மாமியாரும் முகம் பார்த்துக் கதைக்கும் வழக்கம் எங்களிடம் அப்போது குறைவு. மார்க்கம் தடுக்கவில்லை, வெட்கம்தான் தடுத்தது. அவர் குசினி வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் நின்று, மகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். நானும் மனைவியைப் பார்த்தே அவருக்குப் பதில் சொல்வேன். அப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லா விஷயமும் நடந்தது.

அந்த மார்கழியில் அந்த வீட்டுக்கு மருந்தடித்தவன் நான்தான். அண்ணன் பக்கெட்டில் மருந்துப் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டிக் கலக்கித் தந்தார், நான் பம்பைத் தோளில் போட்டுக்கொண்டேன். புது மாப்பிள்ளை வீடு என்று குழு முழுக்கக் கேலி. நான் ஒரு மூலை விடாமல் அடித்தேன், கட்டிலுக்குக் கீழே, கூரையின் உட்புறம், மண் பானைகளுக்குப் பின்னால். மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். மணம் தாங்காமல் வளவின் மாமரத்துக்குக் கீழே போய் இருந்தாள். கதவின் பின்னால் மருந்தடித்ததற்கான அட்டையை ஒட்டி, நாளைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். படிவத்தில் முதல் கட்டத்தில் சரி போட்டேன். அன்றைக்கு நான் போட்ட சரிகளில் அதுதான் நூற்றுக்கு நூறு உண்மையான சரி.

பிறகு நோன்பு வந்தது. பதினைந்தாம் நோன்பு அளவில் சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"புள்ள, மருமகனிட்டச் சொல்லு. கடற்கரைச் சூளையில நல்ல சுண்ணாம்பு இரிக்கிதாம். புது மாப்புள இரிக்கிற வீடு, முதல் பெருநாள். பார்க்க வாற ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

எனக்கு வாய் வரை வந்தது. மாமி, வேணாம், மருந்து போயிடும், உங்கட மகள் வயித்தோட இரிக்கா. ஒரு வசனம். தெருத் தெருவாக மற்றவர்களுக்கு நான் சொல்லித் திரியும் வசனம். ஆனால் அது அவருடைய வீடு, அவருடைய சுவர். நான் வந்து ஒரு வருடம் ஆகாத மாப்பிள்ளை. வந்ததும் வராததுமாக வீட்டுக்காரிக்குச் சட்டம் சொல்கிறான் என்று ஆகிவிடும். அன்று பின்னேரம் மனைவியிடம் சொன்னேன்.

"நீ சொல்லன் உம்மாக்கிட்ட."

"நானா? அவ ஒரு வருஷமா இந்தப் பெருநாளப் பார்த்துக்கிட்டு இரிக்கா. நீங்கதானே மலேரியாக்காரர், நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அதுமட்டுமா? சைக்கிளில் போய் இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு கட்டிக்கொண்டு வந்தேன். பீப்பாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்ததும் நான்தான். நீலம் கூடிவிடக்கூடாது என்று அளந்து போட்டதும் நான்தான். மருமகன் கைக்குச் சுண்ணாம்பு நல்லாய் வந்திருக்கிறது என்று சீலைக்குப் பின்னால் ஒரு பாராட்டு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெருநாள் கழிந்து பத்து நாள் இருக்கும். மனைவிக்குக் குளிர் எடுத்தது. நோன்புக் களைப்பு என்றார்கள், பெருநாளுக்கு வந்தவர்களின் கண்ணூறு என்றார்கள், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். மறுநாள் ஒரு போர்வை போதாமல் நடுங்கியபோது, நான் என் பையிலிருந்த ஊசியால் அவள் விரலைக் குத்திக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தேன். இரத்தம் பார்க்கிற முறைக்கும் ஒரு சுற்றறிக்கை இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கட்டி அனுப்ப வேண்டும். நான் அதற்குக் காத்திராமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே போனேன். வழியில் சோதனைச் சாவடியில் வரிசை. கண்ணாடித் துண்டைச் சட்டைப் பைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தவர் தலையை நிமிர்த்தாமலே மலேரியா என்றார், அதுவும் மோசமான வகை என்றார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்குத்தான் அவள் என்னைப் பார்த்து, "உள்ளுக்க அசையுது இல்ல" என்றாள். எனக்கு அந்தச் சொல் இப்போதும் காதில் இருக்கிறது. ஏழு மாதத்துப் பிள்ளை. ஆண் பிள்ளை. கபன் துணியில் சுற்றி இரண்டு கைகளில் ஏந்தி மையவாடிக்குக் கொண்டுபோனேன். கனமே இல்லை. நான் அழுதேன், சனம் பார்க்கிறதே என்று நினைக்காமல் அழுதேன்.

காய்ச்சல் வந்த வீட்டுக்கு விசாரணைப் படிவம் நிரப்ப ஆள் போக வேண்டும் என்பது சட்டம். என் சொந்த வீட்டை நானே விசாரிக்க முடியாது என்பதால் பொறுப்பதிகாரி அண்ணனை அனுப்பினார். அவர் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வீட்டுக்கு மருந்தடிச்சதா?"

"ஓம்."

"முழுவதுமா?"

"ஓம். நீங்கதானே கலக்கித் தந்த நீங்க."

"கடைசி மாசத்தில உள்நாட்டு வயல் பக்கம் போனதா?"

"இல்ல."

எழுந்து வந்து கதவின் பின்னால் அட்டையைப் பார்த்து நாளை எழுதிக்கொண்டார். திரும்பும்போது சும்மா சுவரில் விரலை வைத்து இழுத்தார். விரல் நுனி வெள்ளையாக வந்தது. அவர் அந்த விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாறனில் துடைத்துக்கொண்டார்.

"வேற ஏதும் சொல்ல இரிக்கா தம்பி?"

குசினி வாசல் சீலை அசைந்தது. அதற்குப் பின்னால் மாமி நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். சுண்ணாம்பு என்ற சொல்லை நான் அந்த விறாந்தையில் சொன்னால் அது அவர் தலையில் போய் விழும்.

"ஒண்டுமில்ல அண்ணன்" என்றேன். அவரும் ஒன்றும் எழுதவில்லை. எழுதத்தான் இடம் எங்கே?

ஆனால் மாமி அந்த விரலைப் பார்த்துவிட்டார். அண்ணன் போன பிறகு குசினியில் தாயும் மகளும் நெடுநேரம் மெல்லக் கதைத்தார்கள். அன்று மாமி சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த மாரிக்கு முன் புதிய சுற்றறிக்கை வந்தது. பொறுப்பதிகாரி அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். எங்கள் கரையோரப் பகுதியில் வீடுகள் எல்லாம் முழுவதும் மருந்தடிக்கப்பட்டும் காய்ச்சல் குறையவில்லையாம். அப்படியென்றால் சனங்களுக்குக் காய்ச்சல் தொற்றுவது வீட்டில் இல்லையாம், மேற்கே உள்நாட்டில், வயல் காவலுக்குத் தங்கும் வாடிகளிலாம். ஆகவே கரையோர வீடுகளுக்கு மருந்தடிப்பது வீண் செலவு. மருந்தும் ஆட்களும் இனி உள்நாட்டுக்கு. நான் சுவரோரம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த முடிவை எடுத்தவர் எங்கள் ஊரை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்த்தது நாங்கள் போட்ட சரிகளை மட்டும்தான். காய்ச்சலும் முழு மருந்தும் ஒரே வரியில் இருந்த வீடுகளை எண்ணிப் பார்த்து அந்த முடிவுக்கு வந்திருக்கிறார். அந்த வரிகளில் ஒன்று என்னுடைய வீடு. நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் ஒரு வேளை யாராவது ஒருவர் யோசித்திருப்பாரோ என்று இப்போதும் நினைக்கிறேன். கோடடித்திருப்பார்கள் என்றும் நினைக்கிறேன். இரண்டும் மாறி மாறி வரும்.

அந்த மார்கழியில் மனைவி மறுபடியும் கர்ப்பமாக இருந்தாள். சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"புள்ள, மருமகனிட்டக் கேளு, மருந்தடிக்க எப்ப வருவாங்க எண்டு."

"வருவாங்க எண்டு சொல்லு" என்றேன் மனைவியிடம்.

ஒரு கிழமை கழித்து மறுபடி கேட்டார். பிறகு நாள்தோறும். பொறுப்பதிகாரியிடம் போய் ஒரு வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் மருந்து தாங்க சேர் என்று கேட்டேன். பொட்டலம் பொட்டலமாக எண்ணித்தான் வருகிறது தம்பி என்று கையை விரித்தார். வீட்டுக்கு வந்தால் சீலை அசையும், குரல் வரும். "மருமகன், இந்த முற நான் சுண்ணாம்பு பூச மாட்டன். சுவர் எப்பிடியும் கெடக்கட்டும். வந்து அடிச்சா மட்டும் போதும்." முதல் தடவையாக அவர் மகளை விட்டுவிட்டு என்னிடமே நேராகச் சொன்னார்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லிக் களஞ்சியத்திலிருந்து ஒரு பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிணற்றில் தண்ணீர் அள்ளி அதற்குள் ஊற்றினேன். ஒரு மூலை விடாமல் வீடு முழுக்கத் தண்ணீரை அடித்தேன்.

"மணக்குது இல்லியே" என்றாள் மனைவி.

"புது மருந்து. இது மணக்காது" என்றேன். உள்நாட்டில் அப்போது உண்மையிலேயே மணக்காத மருந்து ஒன்று வந்திருந்தது, ஆகவே பொய் சுலபமாக வந்தது. கதவின் பின்னால் புது அட்டை ஒட்டி நாளைப் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். அன்று பின்னேரமே ஒரு நல்ல நுளம்பு வலை வாங்கிக் கட்டினேன். அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன் மனைவி வலைக்குள் இருக்க வேண்டும் என்று சண்டை பிடித்தேன். சித்திரையில் பெண் பிள்ளை பிறந்தது. சுகமாகப் பிறந்தது. வலை காப்பாற்றியதா, அல்லாஹ் காப்பாற்றினானா, அந்த வருடம் நுளம்பு குறைவா என்று எனக்குத் தெரியாது. மாமிக்குத் தெரிந்திருந்தது. மருமகன் அடித்த மருந்து காப்பாற்றியது.

அதற்கு முன் மாசியில் வந்த பெருநாளில் எங்கள் வீடு மட்டும் தெருவில் அழுக்காக நின்றது. வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி தலை குனியவில்லை. பிள்ளை பிறந்த பிறகு அதைத் தூக்கிப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார், மருந்தடித்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசாதீங்க, நான் பூசித்தான் என்ர பேரப்பிள்ளையைப் பறிகொடுத்த நான். நானும் அண்ணனும் வருடக்கணக்கில் தொண்டை கிழியச் சொல்லிக் கேட்காத தெரு, அவர் சொல்லிக் கேட்டது. அடுத்த மாரி வந்தபோது பக்கத்தில் நான்கைந்து வீடுகள், இந்த முறை பெருநாளுக்குப் பூசுவதில்லை என்று நின்றன. மருந்தே இல்லாத சுவர்கள்.

ஒரு நாள் காலையில் நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மாமி சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். வளவைக் கடந்து என் முன்னால் வந்து நின்றார். கலியாணமாகி அத்தனை நாளில் அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

"மருமகன், பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் மாசமாகிட்டு. அவட தாய் நேத்து வந்து கையப் பிடிச்சி அழுதா. அவங்கட வீட்டுக்கும் அந்த மணக்காத மருந்த அடிச்சி விடுங்களன்."

களஞ்சியத்தில் பம்பு இருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஒரு கணம் அதையும் யோசித்தேன், அந்த வெட்கக்கேட்டையும் எழுதிவிடுகிறேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வலைக்குள் போவாளா? மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கையில் வெளியில் கிடப்பாள்.

"மாமி" என்றேன். "அது மருந்தில்ல. தண்ணி. நம்மட ஊருக்கு இப்ப மருந்து வாறதில்ல."

அவர் கிணற்றுக் கட்டில் மெல்ல இருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப அந்த முதல் முற அடிச்ச நீங்களே. அது?"

அவர் கேட்டது எனக்கு விளங்கியது. அன்றைக்கு அடித்தது நல்ல மருந்தென்றால், அதை மூடியது அவர் கை. இரண்டு வருடமாக அவர் அதைத்தான் சுமந்துகொண்டிருந்தார். வாய் திறக்க வேண்டிய நேரமெல்லாம் மூடிக்கொண்டிருந்த நான், அன்றைக்குக் கொஞ்சமும் யோசிக்காமல் வாயைத் திறந்தேன்.

"அதுவும் காலாவதியான மருந்து மாமி. மணம் மட்டுந்தான் மிச்சமிருந்த."

"அப்ப நான் சுண்ணாம்பு பூசாட்டியும்...?"

"பூசாட்டியும் வந்திரிக்கும் மாமி."

அவர் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். பிள்ளை போன நாளில்கூட அவர் அப்படி அழுததை நான் காணவில்லை. மனைவி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மை தெரியும். அன்றைக்குப் புதிதாக வந்திருந்த பொட்டலத்தைக் கிழித்ததை மாமரத்தடியிலிருந்து பார்த்தவள். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தாயின் பக்கத்தில் போய் இருந்தாள். அதைப் பற்றி எங்களுக்குள் இன்று வரை ஒரு கதையும் இல்லை.

பக்கத்து வீட்டுக்கு எங்கள் வலையைக் கொண்டுபோய் நானே கட்டிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெருநாளுக்கு மாமி சுண்ணாம்பு பூசினார். இரண்டு பூச்சு. வீடு கண் கூசியது. மாமி மறுபடியும் சாப்பிட்டார், சிரித்தார், பேத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். நான் செய்தது சரிதான் என்று அப்போது நினைத்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் காய்ச்சல் கூடியது. மேலிடத்தில் யாரோ பட்டியலைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும், எங்கள் கரையோரம் மறுபடி அதில் வந்தது. நல்ல மருந்து, மணக்காத மருந்து, போதிய அளவு. அண்ணன் தலை நரைத்துப் போயிருந்தார், ஆனாலும் பம்பை அவர்தான் தூக்கினார். ஊரின் மேற்கு விளிம்பிலிருந்து தொடங்குவோம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் தெருவில் முதல் வீடு எங்கள் வீடு.

மாமி வாசலில் நின்றார். சீலைக்குப் பின்னால் இல்லை, வாசலில்.

"வேணாம் தம்பி" என்றார் அண்ணனிடம், மரியாதையாகத்தான். "உங்கட அரசாங்கத்து மருந்து ஒருக்கா எங்கட வீட்டுக்கு வந்து போனது போதும். காலம் முடிஞ்ச மருந்த அடிச்சி என்ர பேரப்புள்ளயக் கொண்ட ஆக்கள்தானே."

பக்கத்து வீட்டுக் கதவும் மூடியது. அடுத்ததும் மூடியது. எல்லோருக்கும் அவர் சொல்லி வைத்திருந்தார். எங்கள் தெருவில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு எங்கள் எந்தச் சுற்றறிக்கைக்கும் இருந்ததில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைய பொட்டலத்தைத் தன் கையால் கிழித்தவர் அவர். அதில் போட்டிருந்த திகதி கழியவில்லை என்று வாசித்துவிட்டுக் கிழித்தவர். என் முகத்தில் அவர் எதைக் கண்டாரோ தெரியாது, பம்பைத் தோளிலிருந்து மெல்ல இறக்கி வைத்தார்.

நான் படிவத்தை விரித்தேன். முதல் வரியில் எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதினேன். மறுத்தது என்ற கட்டத்தில் சரி போட்டேன். இப்போது பக்கத்தில் 'காரணம்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். அதில், பழைய மருந்து என்ற வதந்தி, என்று எழுதினேன். வதந்தியைக் கிளப்பியவர் யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.